சிவப்புப் பட்டை இல்லாத பெட்டி

ப்ரேமன்
4 பிப்ரவரி 2019

அன்புள்ள வெண்டெலின்,

கெர்டா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு ஒன்று, என் பிறந்தநாளுக்கு ஒன்று என்று உன் கடிதம் தவறாது. எழுத்து அவளுடையது, கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக இருக்கும் வேன் படம் உன்னுடையது. பெண்டாட்டியை எழுதவிட்டு இந்தச் சோம்பேறி படம் போடுகிறான் பார் என்று சிரித்துக்கொள்வேன். இப்போது அந்த வேனும் இந்தப் பக்கம் வருவதில்லை. நலமாக இருக்கிறாய்தானே? முழங்கால் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ‘உப்புச் சுரங்கம்’ குழுவின் மேடைப் பதிவுகளை ஆறு இசைத்தட்டுகளாக ஒரே பெட்டியில் போட ஹாம்பர்க்கில் ஒரு சின்ன நிறுவனம் கேட்கிறது. எல்லாமே நீ மேடையோரம் ரீல் மெஷினோடு குந்திக்கொண்டு பதிந்தவை. நாங்கள் என்ன வாசித்தோம் என்பது எங்களுக்கே நினைவில்லை. உன் ரீல்களுக்குத்தான் நினைவிருக்கிறது.

ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் இல்லாத ஒன்றைத்தான் கேட்கிறார்கள். காசல். அந்த ஊர் மேடையில் நாற்பது நிமிடம் நிற்காமல் போன ‘நான்காம் தளம்’ இசை. அன்று அரங்கில் இருந்தது முந்நூறு பேர். இன்று நானும் இருந்தேன் என்று மூவாயிரம் பேர் சொல்கிறார்கள். அந்தப் பதிவு ஏன் இல்லை என்று பெட்டியோடு வரும் புத்தகத்தில் சொல்லியாக வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

“1973 மார்ச் 17ஆம் தேதி காசலில் பதிந்த ரீலின் மேல், மறுநாள் மார்புர்க்கில் வேறு நிகழ்ச்சியைப் பதியவைத்து, எங்கள் கிட்டார்காரர் லோட்டார் அதை வேண்டுமென்றே அழித்தார்.”

டிரம்ஸ் வாசித்த ஊவெ இறந்துவிட்டான். சாட்சி என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். லோட்டார் ஃப்ளென்ஸ்புர்க்கில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறானாம். இந்த வரியை அவனுக்கும் அனுப்பினேன். தபால் அட்டையில் ஒரே வரி பதில்: “உனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்.” அதே திமிர்.

இதனோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மார்ச் 15 அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
அல்முட்

---

ஹெர்னே
15 பிப்ரவரி 2019

அன்புள்ள அல்முட்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் மேசை மேலேயே கிடந்தது. என் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதனால் மாடி வீட்டு ரோஸ்விதா எழுதுகிறாள். முப்பது வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவள். நான் சொல்லச் சொல்ல எழுதிவிடுகிறாள். இடையிடையே என்னைத் திருத்தவும் செய்கிறாள்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தோட்டத்துத் துண்டு நிலத்தில் போன வருடம் உருளைக்கிழங்கு நன்றாக வந்தது. தின்னத்தான் ஆள் இல்லை.

காசல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரங்கத்து ஹீட்டர் வேலை செய்யவில்லை. லோட்டார் தன் அக்காவின் பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருந்தான், இடது முழங்கையில் ஓட்டை. நீ இசை எழுப்பும் அந்த நாலு மின்பெட்டிகளையும் இரண்டு பீர் கிரேட் மேல் அடுக்கினோம். கீழே இருந்த பெட்டி சூடாகி சுருதி இறங்கிக்கொண்டே போனது. நீ அதை நிறுத்தாமல் அதன் கூடவே இறங்கினாய், லோட்டாரும் கிட்டாரில் உன் கூட இறங்கினான். எனக்கு இசை தெரியாது. ஆனால் மெஷினில் ஒலியளவு காட்டும் ஊசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அப்போது ஊசியைப் பார்க்க மறந்துவிட்டேன். சாப்பாடு பட்டாணி சூப். ஊவெ மூன்று தட்டு குடித்தான்.

அந்த வரி வேண்டாம் அல்முட். பதிவு இல்லை என்று மட்டும் போடு. ஏன் இல்லை என்பது யாருக்கு வேண்டும்? மூக்கில் குழாயோடு இருக்கிறவனை இப்போது போய் இழுப்பானேன். தாளில் கையெழுத்துப் போடவில்லை. மணிக்கட்டு சரியில்லை.

அன்புடன்,
வெண்டெலின்
(கீழே உள்ள வேன் படத்தை அவரே வரைந்தார். — ரோஸ்விதா)

---

ப்ரேமன்
24 பிப்ரவரி 2019

வெண்டெலின்,

ஸ்வெட்டர் ஓட்டை எந்தக் கை என்பது வரை நினைவிருக்கிறது. ஊவெ குடித்த சூப்புக்குக் கணக்கு இருக்கிறது. மறுநாள் மதியம் நடந்தது மட்டும் உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வேன் வரைய வருகிற மணிக்கட்டுக்குக் கையெழுத்து வராதாம்.

நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். காசலிலிருந்து கிளம்பும்போது வேனில் எனக்கும் லோட்டாருக்கும் சண்டை. என் மின்பெட்டிகள் போதும், கிட்டார் வேண்டாம் என்று இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அவன் காதுபடவே சொல்லிவிட்டார்கள். “அந்த டேப்பத் தூக்கி ஃபுல்டா ஆத்துல போடு” என்று கத்தினான். நீயும் கேட்டாய், நீதான் ஓட்டிக்கொண்டிருந்தாய்.

வைத்துக்கொள்ள வேண்டிய ரீல் பெட்டிக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை ஒட்டுவது நம் வழக்கம். பட்டை இல்லாததன் மேல் மறுபடி பதியலாம். காசலில் பட்டைச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. அதனால் பெட்டி மேல் நானே பேனாவால் கொட்டை எழுத்தில் ‘அழிக்காதே’ என்று எழுதினேன். கண் இருக்கிறவன் எவனும் அதைத் தாண்டி அந்த ரீலை எடுக்க முடியாது.

மார்புர்க் முடிந்து இங்கே ப்ரேமன் வந்து ரீலைப் போட்டால் காசலுக்குப் பதில் மார்புர்க் ஓடுகிறது. வேன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய்?

“நான் போறப்பவே ரீல் மெஷின்ல மாட்டியிருந்துச்சு.”

உனக்கு முன்னால் மேடைக்குப் போயிருந்தவன் லோட்டார் ஒருவன். அவனைக் கேட்டேன். உன்னை ஒரு பார்வை பார்த்தான், சிரித்தான். “ஆமா, நான்தான் மாட்டினேன்” என்றான். கிட்டாரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். மே மாதம் எனக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று இருந்தது. நானும் திரும்பக் கூப்பிடவில்லை.

உன்னுடைய ஒரு வாக்கியத்தை வைத்து நாற்பத்தாறு வருடம் வாழ்ந்திருக்கிறேன். அதில் ஆட்டம் இருந்தால் இப்போது சொல். மார்ச் 10க்குள் பதில் வராவிட்டால், சாட்சி வெண்டெலின் என்று உன் பெயரைப் போட்டே அச்சுக்குக் கொடுப்பேன்.

அல்முட்

---

ஹெர்னே
2 மார்ச் 2019

அன்புள்ள அல்முட்,

இதையும் ரோஸ்விதாதான் எழுதுகிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியவளும் அவள்தான். என் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. காலையில்கூட அதே கையால் கிழங்கு உரித்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ரோஸ்விதா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆறு வயதில் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. எங்களைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள், அங்கே பீட்ரூட் வயலில் ஆள் வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது பன்னிரண்டு வயது. சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கம். அப்படியே இருந்துவிட்டேன். லைசென்ஸ் பரீட்சையில் பாதி படம், மீதியைப் பக்கத்துப் பையனைப் பார்த்துப் போட்டேன். ஊர்ப்பெயர்ப் பலகைகளை முகம் மாதிரி மனதில் வைத்துக்கொண்டேன். கெர்டாவுக்குத் தெரியும். அவளைத் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

மார்புர்க்கில் ஞாயிறு மதிய நிகழ்ச்சி. புது ரீல்கள் வேனில் மழைத் தண்ணீரில் ஊறிவிட்டன. நனையாத பெட்டிகளில் பட்டை இல்லாதது எது என்று தேடினேன். ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் நீலத்தில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. ஊர்ப்பெயர் என்று நினைத்தேன். நீதான் எல்லாப் பெட்டியிலும் ஊர்ப்பெயர் எழுதுவாயே. பட்டை இல்லை, எடுத்து மாட்டினேன். லோட்டார் அந்தப் பக்கமே வரவில்லை. மேடையின் மறுகோடியில் தன் கிட்டார் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தான்.

நீ வந்து கேட்டாயே, அப்போது பெட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டி, “இவ்ளோ பெருசா எழுதியிருக்கேன், படிக்கலையா நீ?” என்றாய். ஊவெ பக்கத்தில் நின்றான். அந்த இடத்தில் எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ரீல் மாட்டியிருந்தது என்றுதான் வந்தது. அவன் மேல் பழி போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பழி அவன் மேல் போய் விழுந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் என்னைப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறாய். ஏன் பார்த்தான் என்று சொல்கிறேன். வழியில் சாப்பிட நிற்கும் இடத்தில் எல்லாம் சாப்பாட்டுப் பட்டியல் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “குலாஷ், பருப்பு சூப், கிழங்கு அடை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி உரக்கப் படிப்பான். நீங்கள் கிண்டல் செய்வீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும்தான் படிப்பான். நான் சொல்லாமலே அவனுக்குத் தெரியும். அன்று என் பொய்யைக் கேட்டதுமே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் பெரிது.

மார்புர்க்கில் உன் பெட்டிகள் இழுத்த இழுப்பில் ஃபியூஸ் போய் நிகழ்ச்சி பாதியில் நின்றதே. மெஷினும் அங்கேயே நின்றது. நின்ற இடத்துக்கு அப்புறம் ரீலில் பழையது அப்படியே இருக்கிறது. கரண்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் காசல். கடைசிப் பதினொரு நிமிடம். அப்போதுதான் எதை எடுத்து மாட்டினேன் என்றே தெரிந்தது. நீ முதல் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுக் குப்பையில் எறிந்தாய், நான் எடுத்து வைத்துக்கொண்டேன். காட்டியிருக்கலாம். காட்டினால் எல்லாவற்றையும் மறுபடி பேச வேண்டி வரும், ரீலை மாட்டியது நானே என்று சொல்ல வேண்டி வரும் என்று பயம். ஒரு வருடம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். வருடம் போகப் போக அந்தப் பயம் கூடிக்கொண்டே போனது.

நீங்கள் வாசித்து முடித்ததும் நான் உடனே மெஷினை நிறுத்தவில்லை. கைதட்டல் அடங்குகிறது. லோட்டார் மைக்கிலிருந்து தள்ளி உன்னிடம் சொல்கிறான். நான் வருடம் ஒரு தடவை கேட்கிறேன், அதனால் ஒரு சொல் மாறாமல் சொல்ல முடியும்:

“பெட்டில கொட்டை எழுத்துல எழுது அல்முட். இத யாரும் தொடக்கூடாது. இந்த மாதிரி இன்னொரு தடவ நமக்கு வராது.”

அதனால்தான் நீ எழுதினாய். உனக்கு மறந்திருக்கும். ஆற்றில் போடச் சொன்னது வேனில், கோபத்தில். அழிக்காதே என்று எழுதச் சொன்னதும் அவனேதான்.

ரீலை இதனோடு அனுப்புகிறேன். ரோஸ்விதா நாலு சுற்றுத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள். புத்தகத்தில் உன் வரியில் அவன் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடு. எனக்கு எழுதத் தெரியாது என்பதையும் போடு.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் நினைத்தேன். அதை இன்னொருத்தர் கையால் எழுதச் சொல்லிக் கேட்பது சரியாகப் படவில்லை.

வெண்டெலின்
(வேன் வரையச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். — ரோஸ்விதா)

---

ப்ரேமன்
20 மார்ச் 2019

மதிப்பிற்குரிய திருமதி ரோஸ்விதா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு. அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ரீல் ஈரம் படாமல் வந்து சேர்ந்தது. அச்சுக்கூடத்தில் அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டேன். அதில் இப்போது ஒருவர் பெயரும் இல்லை. ஆறாவது தட்டின் கடைசியில் காசல் பதினொரு நிமிடம் வருகிறது, முன்னால் வரும் அந்த ‘டக்’ சத்தத்தோடு. அதை வெட்டிவிடலாம் என்று நிறுவனத்தார் சொன்னார்கள். விடவில்லை.

ரீலையும் ஒரு மெஷினையும் தூக்கிக்கொண்டு போன வாரம் லோட்டாரைப் பார்க்க ஃப்ளென்ஸ்புர்க் போனேன். கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் ஆக்சிஜன் எந்திரம் இரைந்துகொண்டே இருந்தது, அதனால் ஒலியை நன்றாகக் கூட்டி வைத்தோம். தன் குரல் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். அப்புறம், “மார்புர்க்கையும் போடு. அவன் அதையும் நல்லாத்தான் பதிஞ்சிருப்பான்” என்றான். போட்டேன். நல்லாத்தான் இருந்தது. மூன்று நாள் அங்கேயே தங்கினேன்.

வெண்டெலினை நான் மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இன்னும் இல்லை. நடக்காமல் போன அந்த மே மாதத்தை நினைத்தாலே இன்னும் கோபம் வருகிறது. சொல்ல வேண்டியதை எல்லாம், திட்டையும் சேர்த்து, நானே சொல்லியிருக்கிறேன். இதனோடு இருப்பது கேசட். இனி அவருக்கு நான் எழுதப்போவதில்லை, பேசித்தான் அனுப்புவேன். அவரும் அப்படியே அனுப்பட்டும்.

மெஷினில் போட்டுவிட்டு, நீங்கள் கொஞ்சம் மாடிக்குப் போய்விடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் முதலில் பேசுவது நான் அல்ல, லோட்டார். மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத்தான் பேசுகிறான். வெண்டெலின் அவசரப்பட்டு நிறுத்திவிடாமல் இருக்கட்டும்.

கேசட் பெட்டி மேல் நான் ஒன்றும் எழுதவில்லை. குறுக்கே சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறேன். அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அல்முட்