டயரில் ஒட்டிய ஆரோ ஸ்டிக்கர்

ஜூலை 29, செவ்வாய்

காலரில் சுருக்கம் என்று நாற்பது பீஸைத் திருப்பி அனுப்பினேன். லைன் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும். பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறேன். என் மேஜையைத் தாண்டித்தான் அந்தப் பனியன் கப்பல் ஏற வேண்டும்.

சாயங்காலம் தங்கச்சி வினிதா போன் செய்தாள். வளைகாப்பு ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஞாயிறு, கோத்தகிரியில் மாப்பிள்ளை வீட்டில். வளையல் போட்ட கையோடு தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தாய் வீடு என்றால் இனி என் வீடுதான். "அக்கா, நீயே வந்து கூட்டிட்டுப் போ. உன்ற வண்டியில" என்றாள்.

என்ற வண்டி! ஆனி மாதம் வாங்கியது. பத்து வருடப் பழைய கார்தான், ஆனால் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தது. நானே பார்த்து, நானே பாஸ் செய்தது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மலைப்பாதையில் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போனில் அந்த ரோட்டின் வளைவுகளை எண்ணினேன்.

ஜூலை 30, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மோகன்ராஜ் என்கிற இந்தக் கட்டிங் மாஸ்டர் ஐம்பது லேயர் துணியை மிஷின் வைத்து ஒரே வெட்டாக வெட்டுவார். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கதவுக் கைப்பிடியை விடமாட்டார்.

"ஏன் செல்வி, அவிநாசி போறதும் கோத்தகிரி போறதும் ஒண்ணா? அவ ஒத்தை உசுரில்ல, ரெண்டு உசுரு. டாக்ஸி சொல்லிக்கலாம்."

"ஏனுங்க, தாய் ஊட்டுல வண்டிய வெச்சுக்கிட்டு டாக்ஸியில போய் எறங்கறதா? எந்த ஊரு நாயமுங்க இது?"

சோறு ஆறுகிற வரைக்கும் வாதம். கடைசியில் இறங்கி வந்தார். மெக்கானிக் மயில்சாமி வண்டியைப் பார்த்து மலைக்கு ஆகும் என்று அவர் வாயால் சொல்ல வேண்டுமாம். சொன்னால் நான் ஓட்டலாம். ஒரு கண்டிசன்தானே? பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மயில்சாமி பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டாமா? கம்பெனியிலிருந்து சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒரு ஷீட் கொண்டு வந்திருந்தேன். பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசிறு எங்கே இருந்தாலும் அந்த அம்பை ஒட்டிக் காட்டுவோம். அதேபோல முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் என்று வரிசையாகப் பார்த்தேன். வைப்பர் ரப்பர் கிழிசல், ஒரு ஆரோ. இடது ஹெட்லைட் மங்கல், ஒரு ஆரோ. ஹாரன் தொண்டை கட்டின மாதிரி, ஒரு ஆரோ. மொத்தம் இருபத்து மூன்று.

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு லேபிள்! எந்த டயருக்கு எவ்வளவு காற்று, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று எல்லாம் அச்சடித்திருக்கிறது. சட்டைக்கு வாஷ் கேர் லேபிள் மாதிரி வண்டிக்கும் உண்டு என்று இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவில் அடித்துவிடுகிறார்கள். சந்தோசம் தாங்காமல் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பேன்ட்டுல இருக்கற லேபிளையே நான் படிச்சதில்ல" என்றார்.

டயர்கள்தான் ஏ ஒன். கன்னங்கரேல் என்று மினுமினுத்தன. ஒரு ஆரோகூட ஒட்டவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பானெட்டில் ஒரு தார்ப் பொட்டு. பனியன் கறைக்கு அடிக்கிற ஸ்பாட் கன் திரவத்தைக் கொஞ்சம் அடித்தேன். தார் போய்விட்டது. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் பளபளப்பும் போய்விட்டது. இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பார்த்துவிட்டார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது மனுசனுக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மங்கலம் ரோட்டில் மயில்சாமி பட்டறை. வண்டியைச் சுற்றி வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னுங்க அம்மிணி, வண்டிக்கு அம்மை போட்டிருக்குதா?" பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டும். ஒவ்வொரு ஆரோவாகப் பிய்த்து வேலை பார்த்தார். ஒன்றுகூடச் சும்மா ஒட்டியது இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். பிரேக் பேட் புதுசு, கூலன்ட் புதுசு, பிரேக் ஆயில் மாற்றியாயிற்று.

டயரை மட்டும் காலால் ஒரு தட்டுத் தட்டி, அதன் மேல் வரிப்பள்ளங்களை விரலால் தடவினார். "பட்டன் அப்புடியே நிக்குதுங்க. தேயவே இல்ல. தாராளமா மலையேறலாங்க மாஸ்டர்!"

இவர் சாவியை என் கையில் கொடுத்தார். வீடு வரைக்கும் நான் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சிவன்மலைக்குப் போய் மேலே ஏறி இறங்கிப் பழகினேன். மூன்று தடவை. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வரக்கூடாது என்று மயில்சாமி சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை இறங்கும்போது இவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து வேர்க்கடலை தின்றார். முருகா, உனக்கு ஒரு கும்பிடு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என்ன எழுதுவது.

சீர் தட்டு ஏறுகிற வண்டி, பளிச்சென்று இருக்கட்டும் என்று காலையில் கழுவினேன். டயரையும் சோப்புத் தண்ணீர் போட்டு பனியன் வேஸ்ட் துணியால் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைத் துணி கரியாகிவிட்டது. அத்தனையும் மேலே பூசின பாலீஷ். அதற்குக் கீழே டயரின் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. குதிகால் வெடிப்பு மாதிரி, சுற்றி முழுக்க. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்: 2215.

துணி லாட்டில் இப்படி எண் போடுவார்கள், வாரமும் வருடமும். துணியைக் கீழே போட்டேன். போனில் தேடிப் பார்த்தேன். அதேதான். 2015ஆம் வருடம், இருபத்திரண்டாவது வாரம். வண்டி பிறந்தபோது போட்ட டயர். ஷெட்டில் நின்றதால் பட்டன் தேயவில்லை. ரப்பர் மட்டும் பத்து வருடமாகக் காய்ந்து இறுகிப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட டயர் ஓடும்போதே வெடிக்கும் என்று போட்டிருக்கிறது. ஸ்டெப்னியும் அதே எண்.

கடுகு போன இடத்தை ஆராய்ந்தவள் பூசணிக்காய் போன இடத்தை விட்டுவிட்டேன். கழுத்தில் இன்ச் டேப் தொங்கவிட்டுத் திரிகிறவள், பாலீஷைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். நானே பாஸ் பண்ணுன வண்டி!

ஆகஸ்ட் 25, திங்கள்

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிடம் டாக்ஸி. மயில்சாமியே சரி என்றுவிட்டாரே? ஒரே ஒரு தடவைதானே, மெதுவாகப் போனால் ஆகாதா? வந்ததும் மாற்றிவிட்டால்?

யாருக்குத் தெரியப் போகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று புதுச் செக்கர் தமிழ்மதி ஒரு பீஸைப் பாஸ் ஆன அடுக்கில் போட்டாள். எடுத்துப் பார்த்தால், கீழ் மடிப்புக்கு உள்ளே ஊசி ஓட்டை. "மடிப்புக்குள்ளதானுங்க்கா இருக்குது, ஆருக்குத் தெரியப்போவுது?" என்றாள். "போட்டுக்கறவனுக்குத் தெரியும் கண்ணு. ரெண்டு தடவ தொவைச்சா ஓட்டை பெருசாகும்" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி அந்த ஓட்டையில் ஒரு ஆரோ ஒட்டினேன். அவள் நான் திட்டப் போகிறேன் என்று பயந்து நின்றாள். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

சீ! எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் போடற பனியனுக்கு ஓட்டை பாக்கற. பொறந்தவ வயித்துப்புள்ளயோட ஏறி உக்காரப்போற வண்டிக்குக் கண்ண மூடிக்கறயா செல்வி?

வீட்டுக்கு வந்து நாலு டயரிலும் ஆளுக்கு ஒரு ஆரோ ஒட்டினேன். வாயால் சொல்லத் தெம்பு இல்லை. காலையில் வண்டியைத் தாண்டித்தான் இவர் பைக்கை எடுக்க வேண்டும். பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வாசலில் இவர் குனிந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு டயர், அடுத்த டயர், அடுத்தது. உள்ளே வந்து அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டார்.

"உன்ற கண்ணுக்குத் தப்புன பீசும் ஒலகத்துல இருக்குதே!"

கண்ணீர் மாவிலேயே விழுந்தது. "டாக்ஸியே சொல்லீருங்க" என்றேன். மயில்சாமியே சரி என்று சொன்ன பிறகு, நீ மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காதே, ஏன் காட்டினாய் என்று இவர் கேட்டார். "ரிஜெக்ட் ரிஜெக்ட்தானுங்க" என்றேன்.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் நாலு நாள் கெடக்குது. டயர்தான மாத்தோணும், டிரைவரையா மாத்தோணும்?" என்றார். இந்த மனுசனோடு இருபது வருடமாகக் குடித்தனம் செய்கிறேன். இப்படிப் பேசுவார் என்று நினைக்கவே இல்லை. கொழுக்கட்டையில் உப்பு கொஞ்சம் தூக்கல். இவர் ஒன்பது தின்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டயர் கடை ராபின் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் அளவில் நாலு இருக்கிறது என்று உருட்டிக்கொண்டு வந்தார். குனிந்து எண்ணைப் பார்த்தேன். இரண்டு இந்த வருடம். மற்ற இரண்டும் மூன்று வருடப் பழசு.

"இது ரெண்டும் வேண்டாமுங்க."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? மேல ஒட்டுன பேப்பர்கூடக் கிழிக்கல, புத்தம் புதுசுக்கா!"

"மேல இருக்கறதப் பாத்து ஒருக்கா ஏமாந்தாச்சுங்க."

இனி வேறு இரண்டு கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும், திங்கள்கிழமைதான் வரும் என்றார். திங்கள்கிழமை வந்து யாருக்கு? இதுக்குமேல் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மத்தியானம் இவரிடமிருந்து போன். கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுப் பஸ் ஏறி கோயமுத்தூர் டயர் கடையில் நிற்கிறாராம்! கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாகத் தடவிப் பார்த்து வாசிக்கிறார். "இருவத்தி ஆறு… அப்பறம் இருவத்தஞ்சு. பாஸா?" செக்கிங் மேஜையில் எல்லோர் முன்னாலும், "பாஸுங்க!" என்று கத்திவிட்டேன்.

ஆறு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். இடது தோளில் ஒரு டயர், வலது தோளில் ஒரு டயர், சட்டையெல்லாம் கரி. கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் போட்டுவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கார் எங்கீங்க, கழண்டு போச்சா?" என்று கேட்டாராம். தெருவே பார்க்க இவர் நடந்து வந்த நடையை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். கட்டிக்கொள்ளத் தோன்றியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

டயர் மாட்டி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் ஆயிற்று. மயில்சாமி கேள்விப்பட்டுத் தானே வந்தார். "நானும் பட்டன் மட்டுந்தான் பாத்தேனுங்க அம்மிணி, தப்புத்தானுங்க" என்று சொல்லி, ஸ்டெப்னிக்கு நல்ல டயராகத் தன் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். இனிமேல் பட்டறைக்கு வருகிற எல்லா வண்டியிலும் எண்ணைப் பார்ப்பாராம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை ஐந்தரை. டயர் சூடாவதற்கு முன்னால் காற்று பார்த்தாயிற்று, லேபிளில் உள்ளபடி. ஏழு தட்டுச் சீர், ஐந்து டஜன் வளையல். கிளம்புகிறோம்.

செப்டம்பர் 1, திங்கள்

லீவு போட்டிருக்கிறேன். நேற்றைய நாளை எழுதாமல் எந்த வேலையும் ஓடாது.

ஏறும்போது பயமே இல்லை. இறங்கும்போதுதான் தூறல். வினிதா இரண்டு கை நிறைய வளையலோடு பின்னால் ஏறினாள். மாப்பிள்ளை இளங்குமரன் மூன்று தலையணை வைத்து அவளை உட்கார வைத்து, "பாத்துங்க அண்ணி" என்று நாலு தடவை சொன்னார். முதல் வளைவில் வளையல் கலகலவென்றது. இரண்டாவது கியர். ரோடு முழுக்க ஈரம். ஒரு வளைவில் திடீரென்று பஸ் எதிரே வந்தது. மிதித்தேன். வழுக்கவில்லை, இழுக்கவில்லை, நினைத்த இடத்தில் வண்டி நின்றது. பஸ் போன பிறகுதான் பழைய டயர் ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் கவனித்தேன், பின்னால் வளையல் சத்தமே இல்லை. பயந்துவிட்டாளா? மயக்கமா? திரும்பிப் பார்க்க முடியாது. "ஏனுங்க, அவளப் பாருங்க, அவளப் பாருங்க!" இவர் திரும்பிப் பார்த்தார். "நீ ரோட்டப் பாரு செல்வி" என்றார். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். நான் கும்பிடாத சாமியில்லை.

மலை இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, அன்னூரில் டீக்கடை ஓரம் நிறுத்தி, இவர் டீயோடு வந்தபோது வளையல் சிணுங்கியது. வினிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வெளியே பார்த்தாள்.

"அக்கா, மலை எறங்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

இவர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு சிரித்தார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், சந்தோசம்தான். வினிதாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. பசிக்குது என்றாள். கட்டுச்சோற்றை அவிழ்த்தோம்.