இருபது நிமிடம்

ஜூலை 14, 2025
சரவணம்பட்டி கல்லூரியில் இன்று முதல் பயிற்சி. நூறு மணி நேரம் மாணவர்கள் பேசுவதைக் கேட்டு முடித்தால் மனநல ஆலோசகர் சான்றிதழ். நாற்பத்தொரு வயதில் எனக்குக் கேட்கிற வேலை! "நீ அடுத்தவங்களப் பேச உடுவியா அம்மணி?" என்று சிரிக்கிறார் வீட்டுக்காரர். என்னை மேற்பார்வையிட ஃபெமினா மேடம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வருகிறவர்கள் பெயரை டைரியில்கூட எழுதக் கூடாதாம். சரி, எழுதவில்லை.

ஜூலை 17
முதல் மாணவி. இரண்டாம் ஆண்டு கணிதம். உட்கார்ந்ததுமே அழுகை. "மேடம், ஊட்டுல என்னக் கேக்காமயே..." என்று ஆரம்பித்து விக்கினாள். தேற்றலாம் என்று நான் என்ன செய்தேன்? இங்கே யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்டேன்.

"எந்த ஊரு கண்ணு?"

தொண்டாமுத்தூர் பக்கம் என்றாள்.

"யாரு தோட்டம்?"

மெதுவாக அப்பா பெயரைச் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். "அட, பாலுசாமி மாமா பொண்ணா! எங்க சித்திக்கு ஒண்ணுவிட்ட அண்ணனாச்சே அவரு!"

அழுகை சட்டென்று நின்றது. தேற்றிவிட்டேன் என்றே நினைத்தேன், கெட்டிக்காரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலவலிதானுங்க மேடம். இப்பப் பரவால்லீங்க" என்று எழுந்துவிட்டாள். மொத்தம் இருபது நிமிடம்.

ஜூலை 18
ஃபெமினா மேடமிடம் சொன்னேன். திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அக்கா, அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் பயந்துதான் இங்க வந்துச்சு. இங்கயும் ஒரு சொந்தக்காரி உக்காந்திருந்தா?" வெட்கமாக இருந்தது. இனி தானே பேசுவதாக அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 24
வரவில்லை.

ஜூலை 31
கேன்டீனில் பார்த்தேன். எழுந்து நின்று, "வாங்க மேடம், சாப்டீங்களா?" என்றாள். அத்தனை மரியாதை! பாதித் தோசையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நாமாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதியாம். அன்றைக்கு எங்கே போயிருந்தது அது?

ஆகஸ்ட் 24
சித்தி போன். "பாலுசாமி அண்ணன் புள்ளைக்கு ஆவணிக் கடைசில கல்யாணம். ஆனியிலயே பேசி வெச்சுப்போட்டாங்க. மாப்பிள்ளைக்கு மதுக்கரைல லாரி ஓடுது. படிப்பு இத்தோட போதும்னுட்டாங்க. புள்ள உங்க காலேஜாமா, பாத்திருக்கியா?"

"இல்லீங்க சித்தி. பாத்ததில்ல."

முதல்முறையாக ஆலோசகராக நடந்துகொண்டேன். போனை வைத்துவிட்டு அழுதேன். கேக்காமயே — அவள் விக்கி நின்ற இடம் இதுதானே? அன்றே சொல்லியிருந்தால், படிப்பாவது முடியட்டும் என்று மேடம் பெற்றவர்களிடம் பேசியிருப்பார். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

ஆகஸ்ட் 26
நான் சொன்னதும் மேடமே அவளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். "எனக்குச் சம்மதந்தானுங்க" என்றாளாம். பத்தொன்பது வயது.

செப்டம்பர் 14
போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று சித்தி துருவுவார். போனேன். மேடையில் அவளைத் தெரியாதவள் மாதிரி நின்றேன். போட்டோவுக்கு நெருங்கி நிற்கும்போது அவளே முணுமுணுத்தாள்.

"சொந்தத்துல யாருகிட்டயும் சொல்லலீங்களா மேடம்?"

"இல்ல கண்ணு."

"உங்க சித்திகிட்டக்கூட?"

"சொல்லல."

கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டாள். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா எல்லாஞ் சொல்லிருப்பேனுங்க."

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தோம்.

நவம்பர் 20
இன்று வந்த மாணவி, "நான் அன்னூருங்க, எங்கப்பா..." என்று தானாகவே தொடங்கினாள். "அது வேண்டாங்க. சொல்ல வந்ததச் சொல்லுங்க" என்றேன். ஒரு மணி நேரம் பேசினாள். நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் நம்ப மாட்டார்.

டிசம்பர் 12
சான்றிதழ் வந்துவிட்டது. நூறு மணி நேரம் நிறைவு என்று போட்டிருக்கிறது. பதிவேட்டை எடுத்து ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். அவளுடைய இருபது நிமிடத்தையும் சேர்த்தால்தான் நூறு வருகிறது.