மேடையை உடைக்கச் சொல்லாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், புதுச் சமையலறையும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது கடிதம் எதற்கு என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் எங்கே பேசுகிறேன்? ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, நீ என்னைக் கேட்கிற கேள்விக்கெல்லாம் உன் அப்பாதான் பதில் சொல்கிறார். நல்லாத் தூங்கினியாம்மா என்று நீ கேட்டால், அதெல்லாம் நல்லாத் தூங்கினா என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். சமையல் மேடை ரொம்ப உயரமா இருக்குன்னு அப்பா சொன்னாரும்மா, உடைச்சு இறக்கிடலாம், மேஸ்திரிகிட்ட நானே பேசிட்டேன் என்று நீ சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள், உங்கம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் என்று அவரே சொல்லி போனையும் வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமில்லை. அடுத்த வாரம் மேஸ்திரி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான், விடுமுறை முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிற உன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புகிறேன். மேடையை உடைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படி, பாதியில் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டுவிடாதே.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். சுவருக்குள் குழாய் கசிந்து கீழ் அலமாரிப் பலகையெல்லாம் ஊறி உப்பிப்போனதால்தான் மேஸ்திரியை வரச் சொன்னோம். அவர் எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார், அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்துவிட்டேன். கசியிற குழாயை மட்டும் மாத்துங்க என்றேன், ஆகட்டும்மா என்றார். மொத்தமா இடிச்சுட்டுப் புதுசாப் பண்ணிடலாம் என்றார் உன் அப்பா, ஆகட்டும் சார் என்றார். இரண்டும் எப்படிச் சேர்ந்து ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே உன் அப்பா கடை ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டார். போகிற கடையிலெல்லாம் டைல்ஸ் மாதிரித் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு வருவார். சாப்பாட்டு மேசை நிறைந்து, நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். எல்லாமே வெள்ளை. இது பால் வெள்ளை, இது முத்து வெள்ளை, இது முட்டை ஓட்டு வெள்ளை என்று என்னை ஜன்னலோரம் நிறுத்திக் காட்டுவார், பிறகு விளக்கைப் போட்டுக் காட்டுவார், பிறகு ஒவ்வொன்றின் மேலும் எண்ணெயும் டீயும் பேனா மையும் ஊற்றிக் காயவைத்துத் துடைத்துப் பார்ப்பார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது என்றேன். உனக்குக் கலர் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு உன் அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டார். அத்தை கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு படுத்திருந்தாள், ஆனாலும் முத்து வெள்ளைதான் நல்லது என்று அடித்துச் சொன்னாள். அதுவே முடிவாயிற்று.

உன்னையும் விட்டுவிட முடியாது, கோபித்துக்கொள்ளாதே. அங்கே இருந்துகொண்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்து அப்பாவும் நீயும் குழைந்ததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மேடைக்குக் கண்ணாடி மாதிரி கறுப்புக் கல், கொக்குக் கழுத்து மாதிரி நெட்டைக் குழாய், கைப்பிடியே இல்லாத இழுப்பறை, அதை லேசாத் தொட்டால் தானாகத் திறக்கும், எவ்வளவு எடுப்பா இருக்கு பாரேன்ம்மா என்றாய். அந்தப் படத்தில் எங்கேயாவது ஒரு வெங்காயத்தோல் கிடந்ததா? அங்கே சமைக்கிற ஆள் யாராவது தெரிந்தாரா? ஒரு கிண்ணத்தில் நாலு எலுமிச்சம்பழம், அதைத் தவிர ஈ காக்கை இல்லை. குடும்பக் குரூப்பில் ஓட்டெடுப்பு வேறு. எனக்கும் ஒரு ஓட்டு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிவை அறிவித்துக் கைதட்டுகிற பொம்மையெல்லாம் அனுப்பி முடித்துவிட்டீர்கள்.

இனி அளவெடுத்த கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நான் தோள்வலிக்காக டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். ஆகட்டும் வந்து, மேடை உயரம் பார்க்கணும், யாராவது வந்து நில்லுங்க என்றாராம். உன் அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சரிபார்த்து முத்திரை வைத்தவர், அளவு என்ற வார்த்தை காதில் விழுந்தால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வருவார். அவரே போய் நின்றார். செருப்பைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, முழங்கையை மடக்கி, ஒரு கரண்டியை வேறு பிடித்துக்கொண்டு நின்றாராம். இந்த வீட்டில் அவர் முதல் தடவையாகக் கரண்டியைப் பிடித்தது அன்றைக்குத்தான். ஆகட்டும் டேப் வைத்துப் பார்த்தது போதாதென்று தானும் வாங்கி வைத்துப் பார்த்து, மட்டம் பார்த்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டார். அளவு ஒரு நூல் பிசகவில்லை. ஆள்தான் பிசகிவிட்டது. நான் அவருடைய சட்டைப் பை உயரத்துக்குத்தான் வருவேன் என்பது எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் போட்டோ சமையலறைக்கு எதிர்ச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

வேலையெல்லாம் முடிந்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மேடை என் மார்புக்கு வந்தது. பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் உள்ளே என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயரம் கொஞ்சம் ஜாஸ்தியோ என்று இழுத்தேன். இதுதான் சரியான அளவு, நானே நின்னு எடுத்தது என்றார். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் கல்லைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். கட்டுப் பிரித்த கண்ணோடு அத்தை வந்து, ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சுனு இருக்கு என்று புகழ்ந்துவிட்டுப் போனாள். இத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது நான் ஒருத்தி எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று சமைத்தேன். கையைத் தூக்கித் தூக்கித் தோள்வலி இரண்டு மடங்காயிற்று. ஒருநாள் ஸ்டூலில் நின்றபடி மேடையில் சாய்ந்தேன், முட்டி பட்டு உன் இழுப்பறை தொட்டவுடன் திறந்து, ரொம்ப மரியாதையாக என்னைக் கீழே தள்ளிவிட்டது. கால் தடுக்கி விழுந்துட்டா என்று உனக்குப் போனில் சொன்னது அப்பாதான். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று, இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவர் பேயறைந்த மாதிரி நின்றார், பாவம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் பயம் தெளிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மேடைக்குக் கீழே நீளமாக ஒரு படி கட்டிவிடலாம், வழுக்காத டைல்ஸ் போடலாம் என்று மறுபடியும் கடைக்குக் கிளம்பிவிட்டார். மறுபடியும் சாப்பாட்டு மேசையில் மாதிரித் துண்டுகள். எனக்கு வந்த கோபத்தில், படியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், யாருக்கு அளவெடுத்தீங்களோ அவங்களே நின்னு சமைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கடைச் சாப்பாடு கொஞ்ச நாள் வாங்கிப் பார்த்தோம், இருவருக்கும் வயிறு கெட்டது. வேறு வழியில்லாமல் ஒரு காலை உள்ளே போய் நின்றார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதுகு வளையவில்லை, தோள் தூக்கவில்லை, கை அப்படியே கல்லின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த மேடை அவருக்கென்றே பிறந்தது.

முதல் சில நாள் கூத்தைச் சொல்லி மாளாது. அரிசியைத் தராசில் நிறுத்தார். உப்பை நிறுத்தார். சிட்டிகை என்றால் எவ்வளவு கிராம் என்று என்னைக் குடைந்தார். கொக்குக் கழுத்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பாத்திரத்தில் பட்டுத் தெறித்து அவர் சட்டைக்கே வரும். சிம்னியின் முனை சரியாக அவர் நெற்றிக்கு நேரே இருக்கிறது, அதற்கு மட்டும் யாரும் நின்று அளவு கொடுக்கவில்லை போலிருக்கிறது. கறுப்புக் கல்லில் ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சென்று தெரியும், அவருக்கோ அது பொறுக்காது, ஒரு கையில் கரண்டி மறு கையில் துணி என்று கிளறுவார், துடைப்பார், கிளறுவார், துடைப்பார், அதற்குள் பால் பொங்கிவிடும். யாருய்யா இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தது என்று ஒருநாள் கத்தியே விட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் போட்டு, உங்கம்மா பாவம், மேடை எட்டாம கஷ்டப்படுறா என்று உருகியிருக்கிறார். நீயும் கண்கலங்கி மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டாய். ஆகட்டும் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. உன் அப்பாவின் அந்தப் பாசம் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வெங்காயம் உரிக்கிற நேரத்தில்தான் அதிகமாகப் பொங்குகிறது என்பதை மட்டும் நீ தெரிந்துகொள். நான் விழுந்த அன்றைக்கு மேடையை இறக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லையே, தான் நின்று பார்த்த பிறகுதானே தோன்றுகிறது. இதற்கிடையே என் தோள்வலி போன இடம் தெரியவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். அந்தக் கல்லோட குளிர்ச்சிதான் காரணம் என்று உன் அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் தலையாட்டி வைக்கிறேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். மேடையை இறக்கி என் உயரத்துக்குச் செய்துவிட்டால் அன்றைக்கே நான் உள்ளே போக வேண்டியதுதான், அவர் மறுபடி கூடத்துக்கு வந்து செய்தித்தாளைப் பிரித்துவிடுவார். எனக்கு அது வேண்டாம். காலையில் நான் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், டீ என் கைக்கு வருகிறது, சூடாக வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஆறினதைக் குடித்தே பழகியவளுக்கு முதல் நாள் நாக்கு சுட்டுவிட்டது. காயை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நறுக்கிக் கொடுக்கிறேன், அந்த மேசை எனக்குச் சரியான உயரம், அதற்கு யாரும் அளவெடுக்கவில்லை. அவருக்கும் கை பழகி வருகிறது, தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நேற்று மத்தியானம் எனக்குப் பரிமாறிவிட்டு அவர் உட்காரவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். எதற்கு நிற்கிறார் என்று முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. முதல் வாய் சாப்பிட்டுவிட்டு நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருக்கிறார். அந்த நிற்பு எனக்குத் தெரியும் கண்ணு. அந்த இடத்தில் நான் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், ஒருநாளும் அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தியதில்லை. அந்த நினைப்பில் கொஞ்சம் பழிவாங்கலாமா என்றுகூட இருந்தது. ஆனாலும் நல்லா இருக்கு என்று சொன்னேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் மலர்ந்துபோய், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றார்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். மேஸ்திரியைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடு, அவர் இதற்கும் ஆகட்டும் என்றுதான் சொல்வார். அப்பாவிடம், கல்லை எடுத்தால் விரிசல் விட்டுவிடும், அந்த மாதிரிக் கல் இனிமேல் கிடைக்காது என்று மட்டும் சொல், அவரே ஓடிப்போய் மேடையைக் கட்டிக்கொள்வார். நான் இப்படி எழுதினேன் என்று மூச்சு விடாதே. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உங்கள் வீட்டுச் சமையலறையையும் மாற்றப் போவதாக உன் சிநேகிதி சொன்னாள். நான் குறுக்கே வரவில்லை, கல்லும் குழாயும் உன் இஷ்டம். மாப்பிள்ளை நல்ல உயரம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

மேசையில் உட்கார்ந்தபடி ஆசீர்வதிக்கும்,
அம்மா