என் மகளுக்காக ஜெபியுங்கள்

மார்த்தாண்டம்
14.9.2025

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜினிஷாவுக்கு அம்மா எழுதுவது.

அவர் கிருபையால் இங்கு நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அபிதாவிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த விடுதி விலாசத்தை வாங்கினேன். "போன் நம்பர் மட்டும் கேக்காதீங்க ஆன்ட்டி, அவ என்னெ உயிரோட வச்சிருக்க மாட்டா" என்றாள் உன் சிநேகிதி. பெற்ற தாய்க்கு நம்பர் தராத பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் அண்ணன் ஸ்டெனி மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். உன்னைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். இங்கே விடாத மழை, ரப்பர் பால் வெட்டி இரண்டு வாரமாகிறது. மரச்சீனிக்கிழங்கு அவித்து சாளைமீன் கறி வைத்தேன், தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

மகளே, அந்த நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தெரியாத நம்பரிலிருந்து அந்தப் படம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா இருந்தால் அவரிடம் ஓடியிருப்பேன். நான் யாரிடம் ஓடுவேன்? வாட்ஸ்அப் ஜெபக் குரூப்பில் போட்டேன். அதில் இருப்பவர்கள் எல்லாரும் நம் சபைப் பெண்கள், உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள். படமும் சேர்ந்து போனதை நான் கவனிக்கவில்லை. அங்கிருந்து யாரோ வெளியே விட்டு, அது நீ வேலை பார்த்த பள்ளிக்கூடம் வரை போயிற்று. அதற்கும் நானா பொறுப்பு? ஜெபம் கேட்டது ஒரு குற்றமா?

கிறிஸ்துமஸுக்கு வா. உன் அறையில் புது ஃபேன் மாட்டியிருக்கிறேன், பழையதைப் போல் சத்தம் போடாது.

உன் அம்மா
ராஜபாய்

---

எர்ணாகுளம்
27.9.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். எனக்கு இங்கே ஒரு டைல்ஸ் கம்பெனியில் கணக்கு வேலை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இப்போது சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பர் தரமாட்டேன். கடிதத்தை யாரும் குரூப்பில் தள்ளிவிட முடியாது, அதனால் கடிதமே நல்லது.

அம்மா, அது கம்ப்யூட்டரில் செய்த படம். பள்ளி ஆண்டுவிழா போட்டோவிலிருந்து என் முகத்தை எடுத்து, துணியில்லாத ஒரு உடம்பில் ஒட்டியிருக்கிறான் எவனோ. போலீஸ் இன்னும் தேடுகிறது. அது இணையத்தில் கிடப்பதை உங்களுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். சைபர் போலீசில் புகார் பதிந்தேன். படம் கிடந்த இணையதளக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதினேன். பொய்யாகச் செய்த இப்படிப்பட்ட படத்தை, புகார் வந்த ஒரு நாளுக்குள் எடுத்தாக வேண்டும் என்று அரசு விதி வைத்திருக்கிறது. எடுத்துவிட்டார்கள். முகம் தெரியாத அந்த அதிகாரி, நீக்கிவிட்டோம் என்று பதில் போட்டார். அதை உங்களிடம் காட்டத்தான் ஓடி வந்தேன். நீங்கள் முழங்காலில் நின்றீர்கள். ஜெபத்தைக் கெடுக்க வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டேன். அதற்குள் குரூப்பில் போய்விட்டது என்று எனக்குத் தெரியாது.

குரூப்பில் போனதை வாட்ஸ்அப் கம்பெனியால் எட்டிப் பார்க்கக்கூட முடியாதாம். அதற்கு நான் எந்த அதிகாரிக்கு எழுதுவேன்?

படம் தெரியாமல் போயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கூடவே நீங்கள் எழுதியது தெரியாமல் எழுதியதா? "என் மகளுக்காக ஜெபியுங்கள், அவள் மனந்திரும்ப வேண்டும்." நான் அடுத்த அறையில் பிள்ளைகளின் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன் அம்மா. "ஏட்டி, இது நீயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஜினிஷா

---

மார்த்தாண்டம்
19.10.2025

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். பிறகு எழுந்தேன். குரூப்பில் போனதைக் கம்பெனி எடுக்காதென்றால் நான் எடுக்கிறேன் என்று குடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சபையில் ஒரு வீடு விடவில்லை. கால் நீர் கோத்து வீங்கிவிட்டது. என் கண்முன்னாலேயே எல்லாரையும் அழிக்க வைத்தேன்.

யேசுரத்தினம் சார் வீட்டில்தான் நேரமாகிவிட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்து, "எந்தப் படம் மக்களே? நான் பாக்கவே இல்லியே" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்கள். கிடைத்ததும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சே, நம்ம ஜினிஷாவா!" என்று அழுதேவிட்டார்கள். அப்புறம் அழித்தார்கள். மருமகளையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்கள். அவளும் பார்த்துவிட்டுத்தான் அழித்தாள். எனக்குத் தரையைப் பார்த்தபடி நிற்கவேண்டியதாயிற்று. ஆனாலும் வேலை முடிந்தது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. இங்கே யாருக்கும் உன்மேல் கோபம் இல்லை. "வயசுப்பிள்ளைகளுக்குத் தப்பு வாறதுதான், நாங்க எப்பவோ மன்னிச்சாச்சு, பிள்ளையெ வரச்சொல்லு" என்று எல்லாருமே சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி நீ தலைநிமிர்ந்து கோயிலுக்கு வரலாம். கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் உன் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை.

வருவாய்தானே?

உன் அம்மா
ராஜபாய்

---

எர்ணாகுளம்
8.11.2025

அம்மாவுக்கு,

வீங்கிய காலோடு இனி எங்கும் அலைய வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள்.

அவர்கள் என்னத்தை மன்னித்தார்கள்? அதைக் கேட்டு உங்களுக்கு எப்படி நெஞ்சு நிறைந்தது? பார்க்காதவர்களையும் பார்க்க வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஃபேன் மாட்டியது இருக்கிறது, மழை இருக்கிறது, சாளைக்கறி இருக்கிறது. "அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும்" என்ற ஒரு வரியை மட்டும் காணவில்லை. கம்ப்யூட்டரில் செய்த படம் என்று நான் எழுதிய பிறகும் நீங்கள் அதை எழுதவில்லை. போலீசில் கேட்டார்கள், "இது நீங்க இல்லைல்லா?" என்று. இல்லை என்றேன், எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னது போதுமாயிருந்தது.

எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசி வரைதான் இந்த விடுதி. அந்த ஒரு வரியை எழுதுங்கள் அம்மா. வந்தால் என் புது நம்பரை உங்களுக்கு எழுதி அனுப்புவேன், கிறிஸ்துமஸுக்கும் வருவேன். மனதில் இல்லையென்றால் எனக்காக எழுத வேண்டாம். அப்படியென்றால் புது விலாசத்தை அபிதாவிடமும் கொடுக்கமாட்டேன், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். எனக்காக ஜெபிக்க வேண்டாம்.

ஜினிஷா

---

மார்த்தாண்டம்
4.12.2025

என் தங்க மகளே,

அது நீ இல்லை.

இதை எழுத எனக்கு இவ்வளவு நாளாயிற்று. மாதக் கடைசிக்குள் எழுதச் சொன்னாய். தினமும் பேனாவை எடுத்தேன், எழுதியதைக் கிழித்தேன். எனக்குத் தெரியாமலா இருந்தது? நீ அரைத்து வைத்துவிட்டுப் போன தோசைமாவு பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு அடுக்களையில் நின்றேனே, நீ வீட்டைவிட்டுப் போன மறுநாள், அன்றே எனக்குத் தெரியும். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

ஆனால் அது நீ இல்லை என்று எழுதிவிட்டால், நான் என்ன செய்தவள் ஆவேன்? உன்மேல் ஒரு தப்பு இருக்கும்வரை நான் பிள்ளைக்காக ஜெபித்த தாய். தப்பே இல்லையென்றால், ஒரு பாவமும் அறியாத பிள்ளையைப் பிடித்து ஊர் நடுவில் நிறுத்தியவள். அதைத் தாங்க முடியாமல்தான் உன்னைக் குற்றவாளியாகவே வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே.

நேற்று பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அது எனக்க மோள் இல்ல. எவனோ செஞ்ச பொய்ப்படம். அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம உங்களுக்கெல்லாம் அனுப்பினது நான்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "சரி மக்களே, விடு. பெத்த மனசு அப்பிடித்தான் சொல்லும்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

அபிதாவிடம் போனேன், தொந்தரவு செய்யாதே என்று நீ சொல்லியும் போனேன். உன் புது விலாசம் அவளுக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்து அவள்தான் அழுதாள்.

உன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். முழங்காலில் நிற்கிறேன், சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுந்துவிடுகிறேன்.

நீ அங்கே இல்லை என்று தெரியும். வேறு விலாசம் தெரியாததால் இதை எர்ணாகுளத்துக்கே அனுப்புகிறேன்.

அம்மா