பண்ணை உதவியாளர்

போன மாதம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டிக்காக நின்றிருந்தேன். ஒருவர் என் கையில் ஒரு நோட்டீசைத் திணித்துவிட்டுப் போனார். வெளிநாட்டு வேலை. டிரைவர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், கடைசி வரியில் மட்டும் தமிழுக்கு வந்திருந்தார்கள். ‘பண்ணை உதவியாளர்.’ வண்டி வந்தது, போனது. நான் ஏறவில்லை. உன்னை அடக்கம் செய்து அன்றைக்கு நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதைவிட்டால் நம் இருவருக்கும் பொதுவாக எதுவுமே கிடையாது. எங்கள் நிலத்தில் உன் அப்பா பண்ணையாளாக இருந்தார். விடிவதற்குள் வந்து இருட்டிய பிறகு போவார். சில நாள் போகவும் மாட்டார். படிப்பு முடிந்து இரண்டு வருடம் உனக்கும் வேலை கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டைப் அடிக்கும் கடை போட்டோம். இங்கிலீஷ் மிஷின் எனக்கு, தமிழ் மிஷின் உனக்கு. ஆனால் மிஷன் பள்ளியில் தொடங்கிய உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கடையில் என்னை ‘இன்னாபா’ என்று கூப்பிடுவாய். உன் அப்பா பக்கத்தில் இருந்தால் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டாய். ‘இங்க பாரு’ என்றுகூடச் சொல்லாமல், தாளை என் பக்கம் நகர்த்திவிடுவாய்.

எழுபதுகளின் கடைசியில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வெளிநாட்டு வேலைக் காகிதங்கள் நம் கடைக்கு வர ஆரம்பித்தன. மெட்ராஸ் ஏஜெண்ட் கொடுத்த இங்கிலீஷ் தாளைக் கொண்டுவந்து, இதில் என்ன வேலை போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். சம்பளம், சாப்பாடு எல்லாவற்றையும் நானே படித்துச் சொல்லிவிடுவேன். வேலையின் பெயர் வரும் இடத்தில் மட்டும் தாள் உன்னிடம் வந்துவிடும். ‘கிளீனர்’ என்று இருந்தால் எதைச் சுத்தம் செய்யப்போகிறான் என்று தெரியாமல் தமிழில் எழுத மாட்டாய். ஒருமுறை உன்னை அவசரப்படுத்தினேன். “அங்க போய் அவன் இன்னா பண்ணப் போறான்னு இதப் படிச்சா தெரியணும்பா. இல்லன்னா நான் எதுக்கு?” என்றாய்.

ஏழுமலை வந்தது பங்குனியில். திருப்புலிவனத்தில் உங்கள் தெருப் பையன், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். தகப்பன் இல்லை, தாய் குப்பம்மாள் களையெடுத்தும் நாற்று நட்டும் படிக்கவைத்த பிள்ளை. ஊரில் கிணறு வெட்டப் போவான், செங்கல் சூளைக்குப் போவான். யார் நிலத்திலும் ஏர் பிடிக்க மட்டும் போக மாட்டான் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவன் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டில் ஒன்றில் கையெழுத்துப் போட்டு எடுத்து வரும்படி ஏஜெண்ட் சொல்லியிருந்தார். ஒன்றில் ‘கன்ஸ்ட்ரக்ஷன் ஹெல்பர்’. இன்னொன்றில் ‘ஃபார்ம் லேபரர்’. தமிழில் அடித்துக் கொடுத்தால் தாய்க்கும் படித்துக் காட்டி முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

முதல் தாளில் ‘கட்டட வேலைக் கையாள்’ என்று அடித்தாய். இரண்டாவதில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ‘பண்ணையாள்’ என்று அடித்தாய்.

சரிபார்க்க வாங்கிய நான் அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன். அதை அடித்த உன் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உன் அப்பா வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வந்திருந்தேன்.

“இது வேணாம்பா. உதவியாளர்னு போடு” என்றேன்.

“உதவியாளர்னா ஆபீசு வேல மாதிரி கீதே.”

“கேவலமா கீது. எடு அத.”

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். யாருக்குக் கேவலம் என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். கேட்கவில்லை. தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாளைச் சொருகி, ‘பண்ணை உதவியாளர்’ என்று அடித்தாய்.

ஏழுமலை இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்தான். கையாளாகப் போவதற்கு இங்கேயே இருந்துவிடலாமே என்றான். தாயைக் கேட்கக்கூடக் காத்திராமல், ஏஜெண்ட் கொடுத்த இரண்டாவது தாளில் நம் மேஜை மேலேயே கையெழுத்துப் போட்டான்.

முதல் கடிதம் ஆடி மாதம் வந்தது. குப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்கு எடுத்து வந்தார். நல்லபடி சேர்ந்ததாகவும் வேளைக்குச் சாப்பிடுவதாகவும் எழுதியிருந்தான். நீ உரக்கப் படித்துக் காட்டினாய். உள்ளே மடித்திருந்த துண்டுத் தாள் உனக்கானது. அதை அவர் போன பிறகு என்னிடம் கொடுத்தாய். நானூறு ஆடு, மணல், ஒரு தகரக் கொட்டகை. வாரத்துக்கு ஒரு முறை தண்ணி வண்டி வருகிறது, அதுவும் ஆட்டுக்குப் போக மீதிதான் அவனுக்கு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேசுவதற்கு ஆள் இல்லை. கடைசியில், “அண்ணா, நீ எழுதுனது வேற, இங்க கீறது வேற. அம்மாகிட்ட சொல்லாத” என்று இருந்தது.

அதற்குப் பிறகு நாம் அடித்த மனுக்கள் உனக்கு நினைவிருக்கும். தூதரகத்துக்கு, கலெக்டருக்கு, எம்.பி.க்கு. இங்கிலீஷில் நான், தமிழில் நீ. மெட்ராஸுக்கு இரண்டு முறை போனோம்; ஏஜெண்ட் இருந்த மாடியில் வேறு யாரோ தையல் கடை வைத்திருந்தார்கள். மாதம் ஒரு முறை குப்பம்மாள் வருவார். கடிதம் வந்திருந்தால் பாதியைப் படிப்பாய். வராத மாதங்களில், தபால் தாமதமாகியிருக்கும் என்பாய். பொய் சொல்லும்போது மிஷினைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

இரண்டாவது கோடையில் தந்தி வந்தது. வெயிலில் விழுந்து கிடந்தவனை மூன்று நாள் கழித்துத் தண்ணி வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து இறப்புச் சான்றிதழ் வந்தது. தாலுகா அலுவலகத்தில் கொடுக்கத் தமிழில் வேண்டும் என்றார்கள். அதிலும் வேலை என்று ஒரு கட்டம் இருந்தது: ‘ஷெப்பர்டு’. உன் விரல்கள் எழுத்துகள் மேல் அப்படியே நின்றன. உங்கள் சர்ச்சில் மேய்ப்பர் என்றால் கர்த்தர்தான் என்று எனக்கும் தெரியும். கடைசியில் ‘ஆடு மேய்ப்பவர்’ என்று அடித்தாய். அதுதான் அந்த மிஷினில் நீ அடித்த கடைசித் தாள்.

அன்று சாயங்காலமே திருப்புலிவனம் போனோம். குப்பம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நீ உட்காரவில்லை.

“அந்தப் பேப்பர்ல பண்ணையாளுன்னுதான் எழுதியிருக்கணும். நான்தான் மாத்தி எழுதிட்டேன்” என்றாய்.

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்டி எழுதியிருந்தா எம் புள்ள போயிருக்க மாட்டான்” என்றார். அழவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினார்.

நான் உன் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்க எவ்வளவோ நேரம் இருந்தது. கடையைப் பூட்ட இருவரும் திரும்பும் வழியில் எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். மறுநாள் கடைக்கு நீ வரவில்லை.

எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைத்தது. நீ ரைஸ் மில்லில் மூட்டைக்கு நம்பர் எழுதப் போனாய். உன் தெருவில் யாரும் அதற்குப் பிறகு உன்னிடம் ஒரு தாளை நீட்டியதில்லை. குழாயடியில் நீ எதிரே வந்தால் குப்பம்மாள் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஒருநாளும் சொன்னதில்லை. வெளியூருக்குப் போய்விடலாமே என்று உன் பிள்ளைகள் கேட்டபோதும் நீ அந்தத் தெருவைவிட்டுப் போகவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வருடம் கழித்து, அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். எதை என்று நீ கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, “வெரலு என்னுதுதானேபா” என்றாய். பிறகு மருந்துச் சீட்டை எடுத்துத் தரச் சொன்னாய்.

நோட்டீஸ் கைக்கு வந்த அன்று காஞ்சிபுரம் போகாமல் திருப்புலிவனத்துக்குத்தான் போனேன். குப்பம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது. யார் என்று சொன்னதும், பழைய வழக்கத்தில் எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்று எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ சரியாகத்தான் அடித்தாய் என்பதை, எடுக்கச் சொன்னது நான் என்பதை, பக்கத்தில் நின்றும் பேசாமல் இருந்ததை. அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். அப்படி நடந்தால் எனக்கு நல்லது என்றும் நினைத்தேன்.

இதில் என் பங்கு அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. தெருவில் உன் வீடு இருக்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“இத்தினி வருசமா அந்தப் புள்ள எதுர வந்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போனேன். சாவுக்குக்கூடப் போவல” என்றார். பிறகு, “இத நான் இனிமே யாருகிட்ட போய் சொல்றது, சின்னய்யா?” என்றார்.

என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவன், எண்பது தாண்டிய ஒரு தாயின் தலையில் புதிதாக ஒன்றை ஏற்றிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அவர் கேட்டதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் கேட்டபோது உன் வீட்டு வாசலில் உன் மனைவி கோழிக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்துக் குப்பம்மாள் கையை மெதுவாக உயர்த்தினார். உன் மனைவி பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.