கரிசலில் கண்ணாடிச் சில்லு

ஆவணி 20, செவ்வாய்

மேல்காற்று. வெயில் கொடுமை. மழை ஜாடை இல்லை.

முதியோர் பள்ளி வாத்தியார் சொன்னபடி இன்று தொடக்கம். தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். யாரும் பார்க்க மாட்டார்கள், தப்பு வந்தாலும் பாதகமில்லை என்றார். மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்து விட்டது. போகட்டும். எழுத்து நிற்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெயில் என்று நான் எழுதியதை நானே வெயில் என்று வாசிக்கிறேன்! எழுபது வயசில்.

புஞ்சைக்கு வந்த கேடு: ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததிலிருந்து டவுன் குப்பை வண்டி என் கீழ்த்துண்டில் கொட்டிவிட்டுப் போகிறது. குப்பைக்கென்று விட்ட இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், புறம்போக்கில். அங்கே போவதில்லை. நான் முழித்து வெளியே வரும்போது குவியல்தான் கிடக்கும், வண்டி இருக்காது.

அடுத்த புஞ்சை வேலுச்சாமிக்குப் பொறாமை. "உமக்கு வந்த யோகத்தப் பாரும் அண்ணாச்சி. நாங்க ஒரு வண்டி எருவுக்கு லோலோன்னு அலையுதோம். உமக்கு வீடு தேடி வருது. என் பக்கமும் ரெண்டு வண்டி தட்டச் சொல்லும்."

சாணி, சாம்பல், எச்சில் இலை என்றால் நானே கும்பிட்டு வாங்கிக் கொள்வேன். இது திருவிழாக் குப்பை. சோடா பாட்டில் உடைசல். கண்ணாடி வளையல் துண்டு. துருப்பிடித்த தகரம். பீங்கான் ஓடு. மருந்துக் குப்பி. இலையும் சாம்பலும் மேலே மூடிக் கிடப்பதால் வேலுச்சாமிக்கு எருவாகத் தெரிகிறது.

இடது குதிகாலில் பச்சை வளையல் ஏறி விட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறது.

ஆவணி 22, வியாழன்

காற்று. புழுதி.

கரிசல் வெடித்துக் கிடக்கிறது. முழங்கை போகும் அளவு வெடிப்பு. சில்லுகள் அதற்குள் விழுகின்றன. மழை பெய்தால் மண் ஊறி வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே போனது உள்ளேதான். அப்புறம் அந்தத் துண்டில் வெறுங்காலோடு இறங்கிக் களை எடுக்க முடியாது, ஏர் மாட்டுக் குளம்பும் போய்விடும். மழைக்கு முன்னால் பொறுக்கினால் உண்டு. புரட்டாசிக் கடைசியில் மழை, அதோடு விதைப்பு. எனக்குள்ள நிலம் மேல்துண்டும் கீழ்த்துண்டும் மட்டும்.

உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பளபளப்பு, ஒன்றும் தெரியாது. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது சில்லு மட்டும் மினுக்கும். சாயங்காலமும் அப்படியே. ஓலைக் கடகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்கிறேன். வெடிப்புக்குள் கிடப்பதை எடுக்க ஒரு கம்பியை வளைத்து வைத்திருக்கிறேன்.

பெண்சாதி உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேர். மகள் கரிவலம்வந்தநல்லூரில், மூன்று பிள்ளைகளோடு. கூப்பிடவில்லை.

ஒரு சந்தோஷம். குப்பையில் எழுத்து கிடக்கிறது! ஒரு குப்பியில், "இருமல் மருந்து. குலுக்கிக் குடிக்கவும்." ஒரு கிழிசல் கல்யாணப் பத்திரிகை, "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து." முழுக்க வாசித்து விட்டேன். யாரோ என்னை அழைத்த மாதிரி இருந்தது. முகூர்த்தம் ஆனியிலேயே முடிந்து போயிற்று.

ஆவணி 24, சனி

இருட்டு விலகும் முன்னே எழுந்து கீழ்த்துண்டில் நின்றேன். நேற்றே அங்கே பலகை நட்டாயிற்று. அவர்கள் கொட்டிய தகரத்திலேயே சுண்ணாம்பால் எழுதியது. "இங்கே குப்பை கொட்டாதீர்." வரி கொஞ்சம் ஏறிப் போயிற்று. ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

வண்டி வந்தது. ஒற்றை மாடு, மயிலைக் காளை. ஓட்டி வந்தவன் நாற்பது வயசு இருப்பான். பெயர் மாடசாமி. காண்டிராக்டரிடம் கூலிக்கு ஓட்டுகிறான். இறங்கிப் பலகையைப் பார்த்தான்.

"என்ன எழுதியிருக்கு பெரியவரே?"

"உமக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கேன்?"

வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"நல்லா இருக்கே" என்றான். நிஜமாகவே சொன்னான். பிறகு வண்டியைத் திருப்பிப் பலகைக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டுப் போனான்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. என் எழுத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்ன முதல் ஆள் அவன்.

ஆவணி 27, செவ்வாய்

வாத்தியார் மனு எழுதச் சொன்னார். அவர் எழுதித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்று விட்டேன். பகல் முழுக்க எழுதினேன். என் புஞ்சையில் குப்பை வண்டி கொட்டுகிறது, கண்ணாடியால் நிலம் கெடுகிறது, தயவு செய்து நிறுத்த வேண்டும். அடியில் கையெழுத்து. கைநாட்டு இல்லை.

முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா வாங்கிப் பார்த்து, கட்டோடு சேர்த்து வைத்தார். "பாப்போம்" என்றார். அவ்வளவுதான். ஆனாலும் நடையில் ஒரு மிடுக்கோடு திரும்பி வந்தேன். போன எலெக்சனில் படம் பார்த்து ஓட்டுப் போட்டவன்.

ஆவணி 30, வெள்ளி

இன்றும் வண்டி வந்தது. மறித்துக்கொண்டு முன்னால் நின்றேன்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டாம இங்கன ஏன் கொட்டுதீரு? அதைச் சொல்லும் முதல்ல."

"எப்படிப் போக? ஓடை மணல்ல சக்கரம் அச்சுக் குடம் வரைக்கும் புதையுது. முன்ன ரெண்டு வண்டி சேர்ந்து போவோம். அவன் சக்கரத்த நான் தள்ள, என் சக்கரத்த அவன் தள்ள, ஏறிப் போயிரும். அவன் கடையநல்லூருக்குத் தறி வேலைக்குப் போயிட்டான். நான் ஒத்தையில என்ன செய்ய? மாடு முட்டி போட்டு விழுந்துருது. காண்டிராக்டர்ட்ட சொன்னா, உனக்கு ஒரு ஆளு, உன் ஆளுக்கு ஒரு ஆளாங்கான்."

மாட்டின் முன்னங்கால் முட்டியைக் காட்டினான். இரண்டிலும் புண். கோயில் புற்று மண்ணைக் குழைத்துப் பூசியிருந்தான்.

"நான் தள்ளுதேன். வாரும்" என்றேன்.

"நீரா? சக்கரத்த நீரு தள்ளப் போறீரா, இல்ல சக்கரம் உம்மத் தள்ளப் போகுதா?"

தள்ளினேன். மாடு, அவன், நான். மேடு ஏறிவிட்டது. புறம்போக்கில் கொட்டினோம். மூச்சு வாங்கியது. அவன் தன் தூக்குவாளியில் இருந்து நீராகாரம் கொடுத்தான். வெங்காயமும் இருந்தது.

புரட்டாசி 4, புதன்

தினமும் போகிறோம். என் கீழ்த்துண்டில் புதுக் குப்பை இல்லை. நான் பொறுக்கி வைத்த சில்லுக் கடகத்தையும் வண்டியிலேயே ஏற்றிப் புறம்போக்கில் குழி வெட்டிப் போடுகிறோம். கிழக்கு ஓரத்தில் இருந்து கால்வாசி சுத்தமாகி விட்டது.

வண்டி வரும் சத்தத்துக்கு முன்னாலேயே முழித்து விடுகிறேன். பேச ஆள் இருக்கிறது. அவன் பேசுவதில் பாதி மாட்டுக்கு, பாதி எனக்கு. சில சமயம் எது யாருக்கு என்று தெரியாது. "சோம்பேறிப் பயலே, எட்டி வை" என்றான். நான் எட்டி வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

புரட்டாசி 8, ஞாயிறு

ஓடை மணலில் குச்சியால் அவன் பெயரை எழுதிக் காட்டினேன். மாடசாமி. சுற்றி நடந்து எல்லாப் பக்கமும் பார்த்தான்.

"இவ்வளவுதானா நான்?"

"நாலு எழுத்துதான்."

"மயிலைக்கு?"

எழுதினேன். "மூணு. மாட்டுக்கு ஒண்ணு கம்மியா இருக்கு. சரி, அது நியாயம்தான்" என்றான். வண்டியைத் திருப்பும்போது எழுத்தின் மேல் சக்கரம் ஏறாமல் ஒதுக்கி ஓட்டினான்.

திரும்பி வந்து சாயங்காலம் வரை பொறுக்கினேன். பொழுது போனதே தெரியவில்லை.

புரட்டாசி 13, வெள்ளி

மேகம் ஒன்றிரண்டு. புழுக்கம்.

இன்று ஒரு பெரிய நாள். வண்டி போன பிறகு, சானிடரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் என் புஞ்சைக்கே வந்தார். கையில் என் மனு! நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்யா."

"சொந்தக் கையா?"

"சொந்தக் கைதான். எழுதப் படிச்சு எட்டு மாசம் ஆகுது."

"நல்லா இருக்கு பெரியவரே" என்றார். ஆபீஸர் வாயால்! கீழ்த்துண்டில் கிடந்த சில்லையெல்லாம் பார்த்தார். கொட்டியவன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். "எழுதும், பாப்போம்" என்று பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். மை ஊற்றிய பேனாவை நான் தொட்டது இன்றுதான். என்ன வழுவழுப்பு. மாடசாமி என்று எழுதினேன். ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை.

நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும், உன் பெயர் ஆபீஸ் காகிதத்தில் ஏறியாச்சு என்று.

புரட்டாசி 15, ஞாயிறு

வண்டி வரவில்லை. நேற்றும் வரவில்லை. ஓடை வரை போய் உட்கார்ந்திருந்து வந்தேன்.

புரட்டாசி 16, திங்கள்

வேலுச்சாமி வரப்பில் நின்று சொன்னான். மாடசாமியைக் காண்டிராக்டர் நிறுத்தி விட்டானாம்.

"நீரே எழுதிக் குடுத்தீராமே. பேரு ஊரு எல்லாம். டவுன்ல அதான் பேச்சு. படிச்சவரு ஆயிட்டீரு அண்ணாச்சி. இனிமே உம்மட்ட சூதானமாத்தான் இருக்கணும்."

பேனா கையில் இருந்தபோது என் கண்ணுக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது யாருடைய பெயர் என்று தெரியவில்லை.

கஞ்சி வைக்கவில்லை.

புரட்டாசி 18, புதன்

மாடசாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் மயிலை கட்டிக் கிடந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அவன் பெண்சாதி வெளியே வந்தாள்.

"அவுக இல்ல."

உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

"நான் அப்படி நினைச்சு எழுதலம்மா."

"நீங்க என்ன நினைச்சீகளோ. எங்களுக்கு வாசிக்கவா தெரியும்?"

மாட்டை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி 21, சனி

பொறுக்குகிறேன். பாதி முடிந்தது. கடகம் கடகமாகச் சில்லு குவிந்து கிடக்கிறது, கொண்டுபோக வண்டி இல்லை. டவுனில் குப்பை அள்ள ஆள் இல்லாமல் நாறுகிறதாம். இந்த நாலைந்து நாளில் நான் பேசியது கடைக்காரனிடம் மட்டும். "உப்பு." அது ஒன்றுதான்.

எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இதுதான் இப்போது பேச்சு.

புரட்டாசி 25, புதன்

காலையிலேயே வடகிழக்கில் கருப்பு. காற்று நின்று விட்டது. இன்று மழை வரும் என்று எறும்புக்குக் கூடத் தெரிகிறது. மிச்சம் கிடக்கும் துண்டில் ஒரு பகல் உட்கார்ந்தால் மேலே கிடப்பதையாவது எடுத்து விடலாம். கடகத்தைத் தூக்கினேன். மகள் ஊர்ப் பையன் ஒருவனைக் காண்டிராக்டர் நாளை முதல் ஓட்டச் சொல்லியிருப்பதாக வேலுச்சாமி நேற்றுச் சொல்லியிருந்தான். அவன் வந்துவிட்டால் மாடசாமிக்கு வேலை போனது போனதுதான். கடகத்தை வைத்து விட்டேன். டவுனுக்கு நடந்தேன்.

குமாஸ்தா, "நீருதான் புகார் குடுத்தீரு. இப்ப நீருதான் இல்லங்கீரு. விளையாடுதீரா?"

"இல்லன்னு சொல்லலய்யா. அன்னைக்குக் கொட்டினான். பின்னால கொட்டல. உள்ள எடத்துலதான் கொட்டினான். நானே கூடப் போயிப் பாத்திருக்கேன்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதித் தாரும்."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். மாடசாமி பிறகு உரிய இடத்தில்தான் கொட்டி வந்தார். ஓடையில் வண்டி தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அதுதான் குறை, அவர் மேல் குறை இல்லை. இவ்வளவு எழுதும்போது ஓட்டின் மேல் மழைச் சத்தம். எழுந்து ஓடி விடலாமா என்று இருந்தது. ஓடி என்ன செய்வது? இரண்டு வரி பாக்கி. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குமாஸ்தா கட்டோடு சேர்த்து வைத்தார்.

நனைந்து வந்து சேர்ந்தேன். கீழ்த்துண்டில் வெடிப்பே இல்லை. மண் வழவழவென்று மூடிக் கிடந்தது. கோடு கிழித்த மாதிரி தெரியும் எனக்கு, எதுவரை நான் பொறுக்கினேன் என்று. வேறு யாருக்கும் தெரியாது.

புரட்டாசி 27, வெள்ளி

வானம் வெறித்திருக்கிறது. நல்ல ஈரம். மேல்துண்டிலும், கீழ்த்துண்டில் சுத்தமான பாதியிலும் விதைப்பு. சோளம். மற்றப் பாதியைச் சுற்றி முள் வைத்து அடைத்து விட்டேன்.

வேலுச்சாமி சொன்னான், மாடசாமியைத் திரும்பக் கூப்பிட்டு விட்டார்களாம். "உம்ம எழுத்தாலன்னு நினைக்காதயும். அந்தக் கரிவலம் பையன் ஓடையப் பாத்துட்டு முடியாதுன்னு போயிட்டான்."

எப்படியானால் என்ன.

புரட்டாசி 28, சனி

விடியும் நேரம் வண்டிச் சத்தம். எழுந்து வெளியே நின்றேன். மாடசாமிதான். என் புஞ்சைப் பக்கம் திரும்பவில்லை. நேரே ஓடைக்குப் போனான். மழைத் தண்ணீர் ஓடி மணல் முன்னைவிட இளகிக் கிடக்கும். வண்டி நின்ற சத்தம். மாட்டை அதட்டும் சத்தம். மறுபடியும் அதட்டும் சத்தம்.

கூப்பிடுவான் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. நானே போனேன். பின் சக்கரத்தில் தோளைக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தான். வண்டி ஏறியது. புறம்போக்கு வரை கூடவே நடந்தேன். வழியெல்லாம் மாட்டிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தான்.