க்ளெமி சொன்ன ஒரு வாக்கியம்

1979 மார்ச் 4, ஞாயிறு

எழுதப் படிக்கத் தெரியாதவன் நாட்குறிப்பு வைக்க டேப் ரெக்கார்டர்தான் வழி. மகள் ரோவீனா அட்லாண்டாவிலிருந்து வந்தபோது வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கேசட். வெள்ளைக் காகிதம் ஒட்டியதில் இறந்துபோன அவள் அம்மா க்ளெமியைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் பேசி அனுப்ப வேண்டும். க்ளெமியை வைத்து நாவல் எழுதுகிறாள். சிவப்பு ஒட்டியது எனக்கு. அதை அவள் கேட்க மாட்டாளாம்.

மார்ச் 6

வெள்ளைக் கேசட்டை நிரப்பித் தபாலில் போட்டேன். 1931 நவம்பரில் கல்யாணம், அன்று விழுந்த உறைபனி, வண்டி இழுத்த கோவேறு கழுதை டச்சஸ், க்ளெமியின் நீலச் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்பது வரை சொன்னேன். எதையும் விடவில்லை.

மார்ச் 11

ரோவீனா போன் செய்தாள்.

"அப்பா, இதுல அம்மா சமைக்கிறாங்க, பருத்தி எடுக்கிறாங்க, துணி தைக்கிறாங்க. ஒரு வார்த்தை பேசலையே. நம்ம கறுப்புப் பொம்பளைங்களப் பத்தி எப்பவும் வேற யாராவதுதான் சொல்லிட்டிருக்காங்க. வெள்ளைக்கார முதலாளியம்மா, பாஸ்டர், இல்லேன்னா புருஷன். இதுல அம்மாவே 'நான்'னு சொல்லணும். அவங்க சொன்னது ஒண்ணு குடுங்க, அவங்க சொன்ன மாதிரியே."

அதற்கென்ன, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்கள் வேலை தேடிக் கிளம்பிய மாதிரி அம்மாவுக்கும் வடக்கே போகும் எண்ணம் இருந்ததா என்றும் கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேனோ?

மார்ச் 12

34-ஆம் வருஷ வெள்ளத்தில் செத்த கோழிகளை நிறம் நிறமாகச் சொல்வேன். க்ளெமி பேசியது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 14, புதன்

சபையில் சாட்சி சொல்லும் கூட்டம். நான் சபையின் டீக்கன், பாஸ்டருக்கு உதவி ஊழியன்; நாற்பது வருஷமாக நான்தான் எழுந்து, "எனக்கும் என் மனைவிக்கும் கர்த்தர் செய்த நன்மை" என்று ஆரம்பிப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் நான்தான். நான் ஒரு வரி சொல்ல, சபை அதை இழுத்துப் பாடும். அத்தனை வரியும் சனிக்கிழமைகளில் க்ளெமி புத்தகத்தைப் பார்த்துப் படிக்க, நான் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தவை. அந்தக் குரல் காதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது பாட்டுப் புத்தகத்தின் சொல். அவளுடையது எங்கே?

மார்ச் 16

யாரிடமும் சொல்லாததைச் சொல்லி வைக்கிறேன்.

1941 ஆகஸ்ட். டெட்ராய்ட்டில் இருந்த அவள் அக்காவிடமிருந்து கடிதம். தபால்காரர் என் கையில் கொடுத்தார். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கோடையில் வடக்கிலிருந்து வந்த கடிதமெல்லாம் ஒன்றைத்தான் சொன்னது: கிளம்பி வா. வாசித்தால் பிள்ளைகளோடு போய்விடுவாள் என்று பயம். என் ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டின் உள்துணியைக் கிழித்து உள்ளே வைத்து, கோணி ஊசியால் நானே தைத்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் அதைப் போட்டுக்கொண்டுதான் ஜெபிக்க நின்றேன். அவளை அடக்கம் செய்த அன்றும் அதே கோட்டு.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஓசெல்லா வீட்டுக்குப் போனேன். க்ளெமியோடு கடைசிவரை ஒரே மரச்சட்டத்தில் துணித்துண்டுகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைத்தவள். கோட்டைக் கழற்றிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பிரித்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்துணியைத் தடவிப் பார்த்தாள்.

"டீக்கன், இது உங்க தையலா?"

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நான் தைத்தது வெள்ளைச் சாக்குநூல், விரல் அகலத்துக்கு ஒரு தையல். இது கறுப்பு நூல், எறும்பு வரிசை போல. அத்தனை வருஷமும் குனிந்து பார்க்கவில்லை.

அந்த 41-ஆம் வருஷக் குளிர்காலத்திலேயே க்ளெமி கண்டுபிடித்துவிட்டாளாம். படித்து, இவளுக்கும் காட்டி, திரும்ப உள்ளே வைத்துத் தைத்தாளாம்.

அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அது அவ கதை. உங்ககிட்ட சொல்லணும்னா சொல்லியிருப்பா."

கடிதத்தையாவது படி என்றேன். "அவளுக்கு வந்த கடிதம். உங்களுக்குப் படிச்சுக் காட்ட நான் யாரு?"

அன்று க்ளெமி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொன்னா. 'அந்த மனுஷனே சுமக்கட்டும்'னா. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கோட்டோட நீங்க ஜெபிக்க எழுந்திருப்பீங்க, நாங்க ரெண்டு பேரும் விசிறியால வாயை மூடிக்குவோம்."

மார்ச் 19

சாப்பிடவில்லை. போன் அடித்தது. எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கொடுத்தால் எதைச் சுமந்தேன் என்றும் சொல்ல வேண்டும். புத்தகமானால் ஊரே படிக்கும், என்னைத் தவிர.

மார்ச் 24, சனி

ரோவீனா வந்தாள். சோளரொட்டியும் கீரையும் வைத்தேன். நாவலின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அது இரண்டாவது வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. முதலாவதற்கு இடம் விட்டிருக்கிறாளாம், அம்மாவுக்காக.

"இதுல நான் எங்க பேசறேன்?"

"நீங்க பேசலப்பா. வெளிய பேசினது போதாதா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கீரை வைக்கட்டுமா என்றேன்.

மார்ச் 28

சாட்சிக் கூட்டத்தில் எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் இரண்டு தடவை என் பக்கம் பார்த்தார். ஓசெல்லா எழுந்தாள்.

மார்ச் 31, சனி

ரோவீனா புதுக் கேசட் ஒன்று விட்டுப் போயிருந்தாள். அதில் அந்த வாக்கியத்தை மட்டும், க்ளெமி சொன்ன மாதிரியே, பேசி வைத்திருக்கிறேன். பேசியதும் அணைத்துவிட்டேன். அது எப்படி வந்தது என்பதற்கு இந்தச் சிவப்புக் கேசட்டும் கூடப் போகிறது. கேட்க மாட்டேன் என்றாளே. கேட்கட்டும்.

கோட்டையும் மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. தையலை நான் தொடவில்லை. பிரிக்க வேண்டியவள் அட்லாண்டாவில் இருக்கிறாள்.

தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடும். நாளை ஞாயிறு. கோட்டு இல்லாமல், வெறும் சட்டையோடுதான் சபைக்குப் போக வேண்டும்.